ஒருகை முழவர்

உடலுக்கு நாடி எத்தகையதோ, இசைக்குத் தாளம் அத்தகையது. நாடி தளரின் உடல் தளரும். தாளம் தளரின் இசை தளரும். ஆதலின், பலர் கூடி இசைக்கும் அரங்கில் தாளங் காப்பவரது பொறுப்புப் பெரிதாகும். பாடுவோர் இடையிடையே நிறுத்தி மூச்சு வாங்கலாம். நரம்புக் கருவி இசைப்போர் விரல் சிறிது பிழைப்பினும் அடுத்த நொடியில் அதனைத் திருத்திக் கொள்ளலாம். முழவு முழக்குவோருக்கு அத்தகைய உரிமை இல்லை. பாடல் தொடங்கும்போது எழுந்த கை, பாடல் முடியும்வரை ஓயலாகாது. அஃது ஓயின் அரங்கமே ஓய்ந்துவிடும்.

இத்தகைய தொழிலை மேற்கொண்ட ஒருவர், தம் இரு கைகளுள் ஒன்றை முற்றும் இழந்துவிட்டால் என் செய்வார்? தொழிலைத் துறந்து மூலையில் ஒதுங்குவார் என்றே எவரும் எண்ணுவர். அவ்வாறு ஒதுங்காது, ஒரு கையையும் இரு கால்களையும் துணைக்கொண்டு மீண்டும் அரங்கேறிப் புகழ் கொண்டார் ஒருவர். அவரே இங்கிலாந்து நாட்டு முழவர் ரிக் ஆலன் என்பவர். அவர்தம் வரலாற்றை இப்பாடத்தில் காண்போம்.

ராக் இசையும் முழவும்

ராக் எனப்படும் இசைவகை 1950ஆம் ஆண்டையடுத்து அமெரிக்காவில் தோன்றியது. விரைவிலேயே இங்கிலாந்திலும் வேரூன்றித் தழைத்தது. மின்னாற்றலால் ஒலி பெருக்கப்பெறும் கித்தார்களும், பாடகரின் குரலும், முழவுத் தொகுதியும் இவ்விசைக்கு இன்றியமையாதன. இவற்றுள் 'டிரம்ஸ்' என வழங்கும் முழவுத் தொகுதி, ஒருவரே அமர்ந்து முழக்கும் பல கருவிகளின் கூட்டம் ஆகும்.

அதன் அமைப்பைச் சிறிது அறிந்து கொள்ளுதல் நலம். முழவரின் எதிரே பெருமுழவு ஒன்று தரைமேல் நிற்கும். அதனை அவர் வலக்காலால் ஒரு மிதியை அழுத்தி ஒலிப்பிப்பார். அவருடைய முழங்கால்களுக்கு நடுவே சிறுமுழவு ஒன்று அமைந்திருக்கும். அதன் அடித்தோலில் கம்பிகள் பொருந்தியிருத்தலால், கோல் பட்டவுடன் அது 'சடார்' என்று அதிரும். அவருக்கு இடப்புறத்தே, ஒன்றன்மேல் ஒன்று கவிந்த இரு வெண்கலத் தட்டுக்கள் இருக்கும். அவற்றை இடக்கால் மிதியால் மூடவும் திறக்கவும் செய்வார். இவற்றைச் சூழ வேறு சில முழவுகளும் தட்டுக்களும் நிற்கும். எனவே, முழவரின் இரு கைகளும் இரு கால்களும் ஒரே வேளையில் வெவ்வேறு தொழில்களைச் செய்கின்றன.

ராக் இசையின் தாளம் பெரும்பாலும் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்னும் நான்கு எண்ணிக்கைகளாக நடப்பது. ஒன்றாம் எண்ணிலும் மூன்றாம் எண்ணிலும் பெருமுழவு முழங்கும். இரண்டிலும் நான்கிலும் சிறுமுழவு அதிரும். கேட்போர் தம்மை மறந்து கைதட்டுவது இவ்விரண்டாம் நான்காம் எண்களிலேயாம். வலக்கை வெண்கலத் தட்டின்மேல் இடையறாது சிற்றடிகள் இட்டுக்கொண்டிருக்க, சிறுமுழவை அதிரச் செய்யும் பணி இடக்கையினுடையது. அஃதாவது, இவ்விசையின் உயிர்நிலையாகிய அடிகள் இடக்கையிலிருந்தே பிறக்கின்றன. இதனை நினைவில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

இளமையும் உயர்வும்

ரிக் ஆலன் 1963ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாள், இங்கிலாந்தின் டெர்பிஷயர் பகுதியைச் சேர்ந்த டிரான்ஃபீல்டு என்னும் ஊரில் பிறந்தார். எஃகுத் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஷெஃபீல்டு நகரம் அவ்வூருக்கு அணித்தே உள்ளது. ஆலன் ஒன்பதாம் அகவையிலேயே முழவுக் கோலைக் கையில் ஏந்தினார். ஊர்ப்புறத்துச் சிறு குழுக்கள் சிலவற்றில் முழக்கிப் பழகித் தேர்ச்சி பெற்றார்.

1977ஆம் ஆண்டில் ஷெஃபீல்டு நகரத்து இளைஞர் சிலர் கூடி இசைக்குழு ஒன்றைத் தோற்றுவித்தனர். செவிட்டுச் சிறுத்தை என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் எழுத்துக்களை மாற்றி, 'டெஃப் லெப்பர்டு' என்று அதற்குப் பெயரிட்டனர். ஜோ எலியட் என்பவர் பாடகர். ரிக் சேவேஜ், பீட் வில்லிஸ், ஸ்டீவ் கிளார்க் ஆகியோர் கித்தார் இசைப்போர். அடுத்த ஆண்டில் அக்குழுவிற்கு முழவர் ஒருவர் தேவைப்பட்டார். அதனை அறிவித்த விளம்பரத்தைக் கண்டு மகனுக்காக முன்வந்தவர் ஆலனின் தாயாரே ஆவர். 1978ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் ஆலன் குழுவிற் சேர்ந்தார். அப்போது அவருக்கு அகவை 15. ஓராண்டு கழித்துத் தம் பதினாறாம் பிறந்தநாளை, இலண்டன் மாநகரின் பெயர்பெற்ற அரங்குகளுள் ஒன்றாகிய ஹாமர்ஸ்மித் ஓடியனில் முழவு முழக்கியே கழித்தார்.

அதன்பின் அக்குழு படிப்படியாக உயர்ந்தது. 1980ஆம் ஆண்டில் முதல் இசைத்தட்டுத் தொகுதியும், 1981இல் இரண்டாம் தொகுதியும் வெளிவந்தன. 1983ஆம் ஆண்டில் வெளிவந்த 'பைரோமேனியா' என்னும் மூன்றாம் தொகுதி, குழுவின் பெயரை அமெரிக்கா முழுவதும் பரப்பியது. அந்நாட்டில் மட்டும் அது காலப்போக்கில் ஒரு கோடிக்குக் குறையாமல் விற்பனையாயிற்று. இருபது அகவையே நிரம்பப்பெறும் இளைஞருக்குச் செல்வமும் புகழும் ஒருங்கே வந்து குவிந்தன.

கணப்பொழுதில் விளைந்த கேடு

1984ஆம் ஆண்டின் இறுதி. நான்காம் தொகுதிக்கான வேலை நடந்துகொண்டிருந்தது. திருநாள் விடுமுறைக்காக ஆலன் தம் ஊர்ப்புறம் வந்திருந்தார். டிசம்பர்த் திங்கள் 31ஆம் நாள், ஷெஃபீல்டு நகரை அடுத்த மலைச்சாலையில் தம் விரைவுக் காரைத் தாமே ஓட்டிச் சென்றார். சாலையில் மற்றொரு கார் முன்னே சென்றது. அதனை முந்த வேண்டும் என்னும் வேட்கை இளைஞரைப் பற்றிக்கொண்டது. வளைவு நிறைந்த அச்சாலையில் விரைவை மிகுத்தார். கார் அவர் வயப்படாது ஓடிச் சாலையோரக் கற்சுவரில் மோதியது. அவர் வெளியே வீசி எறியப்பட்டார். இடக்கை உடலினின்றும் அறுபட்டது. உடன் வந்தவர் உயிர் தப்பினார்.

மருத்துவர்கள் அக்கையை மீண்டும் உடலோடு பொருத்தினார்கள். ஆயின், புண்ணில் நச்சு ஏறிற்று. உயிரைக் காக்க வேண்டுமாயின் கையை விடவேண்டும் என்னும் நிலை வந்தது. பொருத்திய கையைச் சில நாட்களில் நீக்கிவிட்டனர். 21 அகவையுடைய முழவர், சிறுமுழவை அதிரச் செய்யும் இடக்கையை இழந்தார்.

முந்திச் செல்லும் ஆசை ஒரு நொடியில் எழுவது. அதன் விளைவோ வாழ்நாள் முழுவதும் நிற்பது. ஆலனின் வரலாற்றைப் படிப்போர் அவருடைய பிற்காலப் பெருமையை மட்டும் போற்றி, இப்பிழையை மறந்துவிடுதல் கூடாது. கேட்டினின்று மீண்டெழுதல் பெருமையேயாயினும், கேட்டைத் தேடிக் கொள்ளாதிருத்தல் அதனினும் நன்று.

படுக்கையில் பிறந்த எண்ணம்

மருத்துவமனையில் கண் விழித்த ஆலனைத் துயரம் சூழ்ந்தது. தம் வாழ்வு முடிந்ததென்றே அவர் முதலில் கருதினார். யாரும் தம்மைக் காண வேண்டா என்று கூட எண்ணினார். இஃது இயற்கையே. பெருந்துன்பம் வந்துற்றபோது உள்ளம் கலங்காதவர் மிகச் சிலரே ஆவர். கலக்கத்திலேயே கிடந்துவிடுவதும், அதனின்று எழுவதுமே மக்களை வேறுபடுத்துவன.

படுத்திருந்த அவர், அறையில் ஒலித்த பாடல்களைக் கேட்டார். கேட்கக் கேட்க, அவருடைய கால்கள் அவரை அறியாமலே தாளமிட்டன. படுக்கையின் கால்மாட்டில், உடல் கீழே நழுவாதிருக்கும் பொருட்டு மெத்தென்ற பஞ்சுக்கட்டை ஒன்று வைக்கப்பட்டிருந்தது. அதன்மேல் அவர் இடக்கால் இரண்டாம் எண்ணிலும் நான்காம் எண்ணிலும் சென்று பட்டது. அக்கணத்தில் அவர்க்கு ஓர் உண்மை விளங்கிற்று. இடக்கை செய்த தொழிலை இடக்கால் ஏன் செய்யலாகாது? கை போயிற்று, ஆனால், கையை ஏவிய தாளம் உள்ளத்தில் அப்படியே இருந்தது. அத்தாளம் வெளிப்படுதற்கு வேறொரு வாயில் வேண்டும், அவ்வளவே.

குழுவின் இசைத்தட்டுக்களை உருவாக்கி வந்த மட் லாங் என்பவர் அவரைக் கண்டு, மீண்டும் முழக்க இயலும் என்று ஊக்கமூட்டினார். எதிர்பார்த்ததினும் விரைவில் ஆலன் மருத்துவமனையை விட்டு வெளிவந்தார்.

புதிய கருவியும் புதிய பயிற்சியும்

எண்ணம் பிறத்தல் எளிது. அதனைச் செயலாக்குதல் அரிது. சிறுமுழவை இயல்பான முறையில் காலால் முழக்குதல் இயலாது. ஆகவே, மின்னாற்றலால் இயங்கும் முழவுகளின் துணை நாடப்பட்டது. அக்காலத்தில் இங்கிலாந்தின் சிம்மன்ஸ் என்னும் நிறுவனம், அறுகோண முகம் கொண்ட மின்முழவுகளைச் செய்து வந்தது. தோலுக்கு மாறாகத் தகடு போன்ற ஒரு முகம் அவற்றுக்கு உண்டு. அம்முகத்தில் அடி விழும்போது, அடியின் அழுத்தத்தை ஓர் உணர்கருவி மின்குறிப்பாக மாற்றும். அக்குறிப்பைப் பெற்ற மற்றொரு கருவி, வேண்டிய முழவின் ஒலியை ஒலிபெருக்கியின் வழியே எழுப்பும்.

இம்முறையில் அடிப்பது கோலாயினும் காலாயினும் ஒன்றே. ஆதலின், ஆலனின் விருப்பத்திற்கேற்பக் கால்மிதிகளோடு கூடிய முழவுத் தொகுதி ஒன்று அமைக்கப்பட்டது. அவருடைய தொகுதியில் இடக்காலுக்கென நான்கு மிதிகள் உள்ளன. ஒன்று வெண்கலத் தட்டுக்கள் மூடும் ஒலியைத் தரும். ஒன்று பெருமுழவின் ஒலியையும், ஒன்று சிறுமுழவின் ஒலியையும், மற்றொன்று வேறொரு முழவின் ஒலியையும் தரும். வலக்கையும் வலக்காலும் தம் பழைய தொழில்களைத் தொடர்ந்து செய்தன.

கருவி அமைந்துவிட்டதனால் கலை வந்துவிடுமோ? வாராது. ஒன்பதாம் அகவை முதல் இடக்கை கற்றிருந்த அனைத்தையும் இடக்கால் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. கையைப்போல் கால் நுண்மையாகவும் விரைவாகவும் இயங்குவதன்று. ஒரு மிதியினின்று மற்றொரு மிதிக்குத் தாளம் பிசகாமல் தாவுதல் எளிதன்று. ஒருபுறத்துக் கை இல்லாமையால் இருக்கையில் நிலைபெற அமர்வதும் கூடப் புதிய பயிற்சியே ஆயிற்று. தேர்ந்த முழவராய் உலகெங்கும் பாராட்டப்பெற்றவர், தொடக்க மாணவரினும் கீழ்நிலையில் அமர்ந்து, அடியொன்று அடியிரண்டு என மீண்டும் பயின்றார்.

அவரால் செய்ய இயலாதன சில இருந்தன. இரு கைகளும் மாறி மாறி மழைபோலப் பொழியும் விரைவடிகள் அவற்றுள் ஒன்று. அவற்றுக்காக ஏங்கி நில்லாமல், தமக்கு இயல்வனவற்றை அழுத்தமாகவும் பிழையின்றியும் செய்யும் முறையை அவர் வகுத்துக்கொண்டார். அடிகள் சுருங்கின, ஒவ்வோர் அடியின் ஆற்றலும் பெருகிற்று.

நண்பர்களின் பொறுமை

ஆலனின் வரலாற்றில் அவர் தோழர்களுக்கும் சிறந்த பங்கு உண்டு. புகழின் உச்சியை நெருங்கிக் கொண்டிருந்த குழு அது. காலம் கடத்தினால் மக்கள் மறந்துவிடுவர்; பணமும் கரைந்துகொண்டே இருந்தது. வேறொரு முழவரை அமர்த்திக் கொள்ளுதல் அவர்களுக்கு அரிதன்று. ஆயினும், அவர்கள் அவ்வாறு செய்யவில்லை. தொடர்வதா விலகுவதா என்பதை ஆலனே முடிவு செய்யட்டும் என்று அவரிடமே விட்டுவிட்டனர். அவர் பயின்று தேறும்வரை காத்திருந்தனர்.

1986ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அயர்லாந்து நாட்டில் சிறு நிகழ்ச்சிகள் சில ஏற்பாடாயின. ஆலனுக்குத் துணையாக, ஸ்டேட்டஸ் குவோ என்னும் வேறொரு குழுவின் முழவர் ஜெஃப் ரிச் என்பவரும் அருகே அமர்ந்து முழக்கினார். ஆலன் தடுமாறினால் தாளம் தடைப்படலாகாது என்பதே அவ்வேற்பாட்டின் நோக்கம். ஒருநாள் இரவு, ஜெஃப் ரிச் குறித்த நேரத்தில் வந்து சேர இயலவில்லை. அரங்கில் மக்கள் காத்திருந்தனர். ஆலன் தனியே அமர்ந்து முழக்கத் தொடங்கினார். பாடல் ஒன்று முடிந்தது, இரண்டு முடிந்தது, தாளம் எங்கும் தவறவில்லை. பின்னர் வந்து சேர்ந்த ஜெஃப் ரிச் நிலைமையை உணர்ந்துகொண்டார். தம் துணை இனி வேண்டப்படுவதன்று என மகிழ்வோடு விலகினார். தம் தொழில் தேவையற்றுப் போனமைக்காக மகிழ்ந்த அவருடைய பண்பும் போற்றத்தக்கதே.

மீண்டும் அரங்கேற்றம்

அதே திங்கள் 16ஆம் நாள், இங்கிலாந்தின் காசில் டானிங்டன் என்னும் இடத்தில் ஆண்டுதோறும் நடைபெற்று வந்த ராக் இசைப் பெருவிழா கூடிற்று. திறந்த வெளியில் பல்லாயிரவர் திரண்டிருந்தனர். அங்கே ஆலன் தனி முழவராய் அமர்ந்து முழக்கினார். நிகழ்ச்சியின் இடையே பாடகர் ஜோ எலியட் அவர் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்தார். கூட்டத்தினின்று எழுந்த ஆரவாரம் வானைப் பிளந்தது. இருபது திங்களுக்கு முன் சாலையோரத்தில் குருதி வெள்ளத்தில் கிடந்தவர், அவ்வாரவாரத்தைக் கேட்டுக் கண்கலங்கினார்.

மக்கள் முதலில் இரக்கத்தால் கைதட்டியிருக்கலாம். ஆனால், இரக்கம் ஒருநாளைக்கு மேல் நிலைப்பதன்று. மறுநாள் முதல் கலையே கலைஞரைத் தாங்க வேண்டும். 1987ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், மூன்றாண்டுகளுக்கு மேற்பட்ட உழைப்பின் பயனாக நான்காம் தொகுதி வெளிவந்தது. 'ஹிஸ்டீரியா' என்னும் அதன் பெயரைச் சூட்டியவர் ஆலனே. தமக்கு நேர்ந்த கேட்டையும், அதனைச் சூழ்ந்து செய்தித்தாள்கள் எழுப்பிய பரபரப்பையும் கருதி அப்பெயரை அவர் தெரிந்தெடுத்தார். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அத்தொகுதி விற்பனையில் முதலிடம் பெற்றது. உலகெங்கும் இரண்டு கோடிக்கு மேற்பட்ட படிகள் விற்றன. அதனைக் கேட்டவருட் பலர், முழவு முழக்கியவருக்குக் கை ஒன்றே என்பதை அறியாமலே கேட்டனர். அவ்வறியாமையே அவர் கலைக்குக் கிடைத்த சிறந்த நற்சான்று ஆகும்.

பிறர்க்குப் பயன்படல்

1991ஆம் ஆண்டு சனவரித் திங்களில், இளமை முதல் உடனிருந்த ஸ்டீவ் கிளார்க் மறைந்தார். அத்துயரையும் தாங்கிக் குழுவினர் தம் பணியைத் தொடர்ந்தனர். 2001ஆம் ஆண்டில் ஆலனும் லாரன் மன்ரோ என்னும் அம்மையாரும் சேர்ந்து 'ரேவன் டிரம்' என்னும் அறநிலையத்தைத் தொடங்கினர். உடலாலும் உள்ளத்தாலும் ஊறுபட்டோர் ஒன்றுகூடி வட்டமாக அமர்ந்து முழவு முழக்குதல், அந்நிலையம் கையாளும் முறைகளுள் ஒன்று. போரில் உறுப்பிழந்து மீண்ட வீரர்களை ஆலன் நேரிற் கண்டு அளவளாவினார். அவர்களோடு பழகிய பின்னரே, விபத்தின் அச்சம் தம் உள்ளத்திலும் நெடுநாள் மறைந்து வாழ்ந்ததைத் தாம் உணர்ந்ததாக அவர் கூறியுள்ளார். உடற்புண் ஆறிய பின்னும் உட்புண் ஆறாதிருத்தல் உண்டு என்பதும், அதனை நாணாமல் எடுத்துரைப்பதே ஆறுதலின் முதற்படி என்பதும் இதனால் விளங்கும்.

2019ஆம் ஆண்டில், ராக் இசையில் சிறந்தோரைப் போற்றும் அமெரிக்காவின் புகழ்மன்றத்தில் டெஃப் லெப்பர்டு குழுவினர் சேர்க்கப்பெற்றனர். அவர்களுள் ஒருவராக ஆலனும் அச்சிறப்பைப் பெற்றார். ஒருகை முழவருக்கென்று தனிப் பரிசில் எதுவும் அங்கே வழங்கப்படவில்லை; ஏனை இசைஞர்க்குரிய அதே வரிசையே அவர்க்கும் வாய்த்தது.

முடிவுரை

மாணவர்களே! ரிக் ஆலனின் வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? இழந்த பொருளையே எண்ணிக் கொண்டிருப்பவர்க்கு, எஞ்சிய பொருளும் பயன்படாது போகும். ஆலன் இழந்தது ஒரு கை. அவரிடம் எஞ்சியவை மற்றொரு கையும், இரு கால்களும், உள்ளத்தில் அழியாது நின்ற தாளமும். அவற்றைக் கணக்கிட்டுப் பார்த்த நாளில் அவர் மீண்டும் முழவரானார். அவர் தோழர்கள் காத்திராவிடில் அம்முயற்சி அரங்கு ஏறியிராது. அவர் முயலாவிடில் அத்தோழர்களின் பொறுமை பயன் தந்திராது. முயல்பவருக்குக் காலம் கொடுத்தலும் ஓர் அறமே என்பதை நாம் மறத்தலாகாது. உங்கள் வகுப்பிலும் மெல்ல எழுதுவோர் இருக்கலாம். திக்கித் திக்கிப் படிப்போர் இருக்கலாம். அவர்கள் தேறும்வரை காத்திருங்கள்.

பயிற்சி

1. ராக் இசையில் இடக்கை செய்யும் பணி யாது?
2. மருத்துவமனைப் படுக்கையில் ஆலன் உணர்ந்த உண்மையை உங்கள் சொந்த நடையில் எழுதுக.
3. மின்முழவு இயங்கும் முறையை விளக்குக.
4. ஜெஃப் ரிச் என்பவரின் பண்பு எவ்வாறு வெளிப்பட்டது?
5. 'அவ்வறியாமையே அவர் கலைக்குக் கிடைத்த சிறந்த நற்சான்று ஆகும்' - இத்தொடரை இடஞ்சுட்டி விளக்குக.